பழுப்புக் கவர்

அன்புள்ள அம்மிணிக்கு, அப்பா எழுதுவது.

இங்கே எல்லோரும் சுகம். அம்மாவின் முழங்கால் வலி அப்படியேதான். நீ பேசி மூன்று வாரமாகிறது. வேலை அதிகம் என்று தெரியும். ஆறு பேரோடு ஆரம்பித்தவள், இப்போது 80 பேருக்குச் சம்பளம் கொடுக்கிறாள் என்று டீக்கடையில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். வேளாவேளைக்குச் சாப்பிடு.

கடைசியாகப் பேசியபோது, "ஆளுங்க பி.எஃப். எல்லாம் அடுத்த ஃபண்டிங் வந்ததும் கட்டிக்கலாம்மா, இப்போ வளரணும்" என்றாய். அம்மா ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். கணக்கு படித்தவள் நீ, உனக்கு நான் சொல்லித்தர வேண்டாம். ஆனாலும் அதைக் கட்டிவிடு. அவர்கள் சம்பளத்தில் பிடித்த காசு அது.

நம் சாயப் பட்டறையில் முதலில் துணிக்குச் சாயம் ஏற்றும் விஞ்ச் மெஷின் இரண்டுதான். உன்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த வருஷம் நான்காக்கினேன். ஆர்டர் கொட்டிய காலம். சாயத்தண்ணீரில் சுண்ணாம்பு போட்டால் நிறம் அடியில் தங்கிவிடும், மேலே தெளிந்து நிற்கும். பார்க்கிறவர்களுக்குத் திருப்தி, எனக்கும் திருப்தி. துணியில் சாயம் ஏறுவதற்காக மூட்டை மூட்டையாகக் கொட்டிய உப்பு மட்டும் அந்தத் தெளிந்த தண்ணீரிலேயே இருக்கும். அதைப் பிரிக்க ஆர்.ஓ. ஃபில்டர் வேண்டும், மிஞ்சுவதைக் காய்ச்சி வற்றவைக்க இன்னொரு மெஷின் வேண்டும். அதெல்லாம் அப்புறம் என்று, அந்தக் காசில் இன்னும் நாலு விஞ்ச் வாங்கினேன்.

நம் தண்ணீரெல்லாம் போய்ச் சேரும் நொய்யல் ஆற்றில் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையை 1992ல் பாசனத்துக்கென்று திறந்தார்கள். கொஞ்ச வருஷத்திலேயே அந்தத் தண்ணீரை விடவே விடாதீர்கள் என்று விவசாயிகளே சொல்லும்படி ஆகிவிட்டது. என் ஒருத்தன் பட்டறையாலா என்று ஊரில் எல்லோரும் கேட்டோம். 2011 ஜனவரியில் ஐகோர்ட் திருப்பூர் சாயப் பட்டறைகளை மொத்தமாக மூடச் சொன்னது. 700 பட்டறைக்கு மேல். விஞ்ச் நின்றது, பாங்க் வட்டி நிற்கவில்லை. அம்மா நகை போனது உனக்குத் தெரியும்.

தெரியாதது ஒன்று இருக்கிறது. நொய்யலில் மழைத்தண்ணீர் வரும் ராத்திரிகளில் வாட்ச்மேனை டீ குடிக்க அனுப்பிவிட்டுத் சாயத்தண்ணீர்த் தொட்டி வால்வை நானே திறந்துவிடுவேன். ஒருமுறை உன் மாமன் தோட்டத்துக்குப் போயிருந்தபோது இளநீர் வெட்டிக் கொடுத்தார். கரித்தது. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். "மண்ணு அப்படி, மச்சான்" என்றேன். அதற்கப்புறம் அவர் நம் வீட்டில் கை நனைக்கவில்லை. உன் சீர் விஷயத்தில்தான் மனஸ்தாபம் என்று அம்மா இன்னமும் நினைத்துக்கொண்டிருக்கிறாள். நானும் திருத்தவில்லை.

சரி. பி.எஃப்.பைக் கட்டிவிடு. ராத்திரியில் கார் ஓட்டிக்கொண்டு ஓசூர் ரோட்டில் வராதே.

போன திங்கட்கிழமை உன் கம்பெனி பெயருக்கு ஸ்பீட் போஸ்ட்டில் ஒரு பழுப்புக் கவர் வந்தது. பதிவு முகவரி இன்னும் நம் வீடுதானே. கையெழுத்துப் போட்டு வாங்கி, பீரோவில் என் வேட்டிகளுக்கு அடியில் வைத்திருக்கிறேன். பிரிக்கவில்லை. அம்மாவுக்குச் சொல்லவில்லை. காங்கேயம் ரோட்டு இடத்தை ஒருத்தர் விலைக்குக் கேட்டுக்கொண்டே இருக்கிறார், அதையும் யோசித்துவை. ஞாயிற்றுக்கிழமை வந்தால் கவரை நீயே பிரிக்கலாம். வர முடியாதென்றால் போன் பண்ணு, நான் பிரித்துப் படிக்கிறேன்.

அப்பா