மழலையர் பள்ளிக் கட்டடமும் மைதானமும்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, ஆசிரியைகளே, பெற்றோர்களே, பழைய மாணவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமான விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். செயற்குழு தவறாமல் கூடியது. ஒரே ஒரு கூட்டம் மட்டும் போதிய உறுப்பினர்கள் வராமல் (கோரம் இல்லாமல்) தள்ளிப்போனது. அன்று வந்திருந்த மூன்று பேரும் நாற்காலிகளை அடுக்கி வைத்துவிட்டுக் கிளம்பினோம். வரவு செலவைப் பொருளாளர் தனியாகப் படிப்பார். சந்தா பாக்கியைப் பற்றியும் அவரே பேசட்டும், எனக்கு அந்தத் துணிச்சல் இல்லை.

பள்ளியின் கட்டடங்களும் மைதானமும் உருவான கதையைத் தொகுக்க வேண்டும் என்று சென்ற பொதுக்குழுவில் தீர்மானம் போட்டோம். வேலை என் தலையில் விழுந்தது. அலுவலக அலமாரியைத் திறந்தால் கட்டட வரைபடங்கள், கூரை மாற்றிய ரசீதுகள், கழிப்பறை கட்ட வாங்கிய அனுமதி எல்லாம் இருக்கின்றன. மைதானத்தைப் பற்றி ஒரு காகிதம்கூட இல்லை. வரைபடங்களில் அது வெறும் வெள்ளை இடம். அவற்றை வரிசையாகத் தரையில் பரப்பிப் பார்த்தோம். ஒவ்வொன்றிலும் கட்டடம் கொஞ்சம் நீண்டிருக்கிறது, வெள்ளை கொஞ்சம் சுருங்கியிருக்கிறது.

காகிதத்தில் கிடைக்காததைக் கட்டடத்திலேயே தேடினோம். பழைய கூடத்தின் கதவில், பெரியவர்களின் நெஞ்சு உயரத்தில், மக்கு வைத்து அடைத்த இரண்டு ஓட்டைகள் தெரிகின்றன. இப்போதைய கைப்பிடி அதற்கு வெகு கீழே, நான்கு வயதுக் குழந்தையின் தோளுக்கு நேராக இருக்கிறது. யாரோ ஒரு புண்ணியவான் அதை இறக்கி வைத்திருக்கிறார்; பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அதே கூடத்தின் சன்னல்களோ அண்ணாந்து பார்க்கும் உயரத்தில். ஒரு சன்னலுக்குக் கீழே மட்டும் சுவரில் காரை உதிர்ந்து ஒரு பள்ளம். குழந்தைகள் கால் வைத்து ஏறி எட்டிப் பார்த்த இடம் அது. எத்தனை முறை பூசினாலும் அங்கேயே உதிர்கிறது என்று கொத்தனார் அலுத்துக்கொண்டார்.

ஏன் இப்படிக் கட்டினார்கள் என்று தெரிந்துகொள்ள, மழலையர் பள்ளிகளின் பொதுவான வரலாற்றை மாதம் ஒரு மாலை உட்கார்ந்து படித்தோம். வந்தவர்கள் குறைவு, பேச்சு அதிகம்.

படித்ததில் என்னை விடாமல் பிடித்துக்கொண்டது ஒன்று: இந்தப் பள்ளிகளின் கதை மைதானத்தோடுதான் தொடங்குகிறது. ராபர்ட் ஓவன் 1816 ஜனவரி 1 அன்று ஸ்காட்லாந்தின் நியூ லேனார்க் பஞ்சாலைக் குடியிருப்பில் பள்ளி திறந்தபோது, நடக்கத் தெரிந்தாலே போதும் என்று குழந்தைகளைச் சேர்த்துக்கொண்டார். வெயில் நன்றாக இருந்தால் அவர்கள் முற்றத்தில்தான். 1820இல் லண்டன் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸில் குழந்தைகள் பள்ளியை ஏற்ற சாமுவேல் வில்டர்ஸ்பின் இன்னும் ஒரு படி மேலே போனார். மைதானத்தைக் கூரையில்லாத வகுப்பறை என்றே அழைத்தார். நடுவில் கம்பம் நட்டுக் கயிறு கட்டிய சுற்று ஊஞ்சல், ஓரத்தில் பூச்செடிகளும் பழமரங்களும். கைக்கெட்டும் பழத்தைப் பறிக்காமல் இருக்கக் குழந்தைகள் தாங்களே பழக வேண்டும் என்பது அவர் கணக்கு. (நம் பிள்ளைகளிடம் இது பலிக்குமா என்று கேட்ட உறுப்பினரின் பெயரை நான் குறிப்பிடவில்லை.)

கூடத்துக்குள் அவர் படிப்படியான மரமேடை ஒன்றையும் வைத்தார். கேலரி என்று பெயர். குழந்தைகளை அடுக்காக உட்கார வைத்தால் ஓர் ஆசிரியர் எல்லா முகத்தையும் ஒரே பார்வையில் பார்க்கலாம். பின்னால் வந்த பள்ளிகள் அந்தக் கேலரியை எடுத்துக்கொண்ட வேகத்தில் தோட்டத்தை எடுத்துக்கொள்ளவில்லை. என் பார்வையில் எல்லாக் கோளாறும் அங்கேதான் ஆரம்பம்.

இங்கிலாந்தின் 1870 கல்விச் சட்டத்துக்குப் பிறகு லண்டன் பள்ளி வாரியத்துக்காக ஈ.ஆர். ராப்சன் கட்டிய பள்ளிகளில் பெரும்பாலும் தரைத்தளம் சின்னக் குழந்தைகளுக்கு, மேல்தளங்கள் பெரிய பிள்ளைகளுக்கு. நிலம் போதாத இடங்களில் மொட்டை மாடியே விளையாட்டு மைதானம் ஆனது. அந்தக் காலத்துப் பள்ளிகளில் சன்னல்களை உயரத்தில்தான் வைத்தார்கள்: வெளிச்சம் உள்ளே வர வேண்டும், குழந்தையின் கவனம் வெளியே போகக் கூடாது. நம் கூடத்து மர்மம் அத்தோடு விளங்கிவிட்டது.

ஜெர்மனியில் 1837இல் பள்ளி தொடங்கிய கல்வியாளர் ஃப்ரோபெல் வேறு வழியில் போனார். 1840இல் தன் பள்ளிக்குக் குழந்தைத் தோட்டம் என்று பெயர் வைத்தார். தோட்டம் என்பது வெறும் உவமை இல்லை. ஒவ்வொரு குழந்தைக்கும் சொந்தமாக ஒரு பாத்தி, சுற்றிலும் எல்லோருக்கும் பொதுவான பாத்திகள். 1851இல் ஜெர்மானிய நாடுகளில் ஒன்றான பிரஷ்யாவின் அரசு இத்தகைய பள்ளிகளுக்குத் தடை போட்டது, 1860இல்தான் விலக்கியது. பாத்தி கட்டிய பள்ளியைப் பார்த்து ஓர் அரசு பயந்திருக்கிறது!

மற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மாண்டிசோரி 1907இல் ரோமின் சான் லொரென்ஸோவில் அடுக்குக் குடியிருப்பு ஒன்றில்தான் முதல் பள்ளியை நடத்தினார். பிறகு குழந்தையே தூக்கி நகர்த்தக்கூடிய மேசை நாற்காலிகளைச் செய்வித்தார். மாக்மில்லன் சகோதரிகள் 1914இல் லண்டன் டெப்ட்ஃபோர்டில் நடத்திய பள்ளியில் தோட்டம்தான் மையம், கட்டடம் ஒதுங்கி நிற்கும் கொட்டகைகள் மட்டுமே. 1940இல் அமெரிக்காவின் வின்னெட்கா ஊரில் எழுந்த க்ரோ ஐலண்ட் பள்ளியில் விளக்கு சுவிட்சைக்கூடக் குழந்தையின் கைக்கு எட்டும்படி இறக்கி வைத்தார்கள். நம் கதவின் கைப்பிடியை இறக்கியவர் அதைப் படித்திருக்க வாய்ப்பில்லை. அவருக்கும் அதே யோசனை தோன்றியிருக்கிறது, அவ்வளவுதான்.

அப்புறம், எல்லோரும் எதிர்பார்க்கும் விஷயம். மணல்தொட்டி இருக்கும் மூலையில் புதிய அறை கட்டலாம் என்ற யோசனை இரண்டு கூட்டங்களில் சூடாகப் பேசப்பட்டது. இடம் போதவில்லை என்பது உண்மை. ஆசிரியைகள் படும் பாட்டை நானும் பார்க்கிறேன். ஆனால் அந்த மூலையில் நிற்கும் மரத்தை வெட்டாமல் கட்ட முடியாது என்று கூட்டத்தில் சொன்னபோது, டோக்கியோ அருகே 2007இல் திறந்த ஃபூஜி மழலையர் பள்ளியின் படத்தைக் காட்டினேன். வட்டமான கூரைமேல் குழந்தைகள் ஓடுகிறார்கள். ஏற்கெனவே நின்ற மூன்று மரங்கள் கூரையைத் துளைத்துக்கொண்டு வளர்கின்றன. “அதுக்கெல்லாம் நம்மகிட்ட காசு ஏதுங்க?” என்றார் பொருளாளர். நியாயம்தான். முடிவு ஒத்திவைக்கப்பட்டிருக்கிறது.

இதற்கிடையில் ஒரு காரியம் செய்து முடித்தோம். ஓய்வுபெற்ற ஆயா அம்மாவை அழைத்துவந்து மைதானத்தில் நடக்க வைத்தோம். இப்போது சிமென்ட் தளம் இருக்கும் இடத்தில் நின்று, “இங்கதான்யா மேடு இருந்துச்சு. மேல இருந்து உருண்டே வருவாளுங்க, பாவாடையெல்லாம் மண்ணு” என்றார். அந்த மேடு எந்த வரைபடத்திலும் இல்லை. அவர் காட்டிய மேடு, பழைய குழாயடி, இரண்டாவது வாசல், விழுந்துபோன மரம் ஆகியவற்றைக் குறித்து ஒரு வரைபடம் தயாரித்திருக்கிறோம். கட்டடம்தான் அதில் வெள்ளை.

இந்த வரைபடத்தைப் பள்ளிக் கோப்பில் சேர்க்கவும், மணல்தொட்டி மூலை பற்றி முடிவெடுக்கும் நாளில் மேசைமேல் வைக்கவும் பொதுக்குழுவின் ஒப்புதலைக் கோருகிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்