நீதவானை விடுங்கள், ‘பீ’ அறிக்கையைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

பிழையாகக் கைதான ஒருவர் விளக்கமறியலில் இருந்து வெளியே வந்ததும், “உள்ளே போட்ட நீதவானுக்கு எதிராக வழக்குப் போட ஏலாதா?” என்றுதான் வீட்டார் முதலில் கேட்கிறார்கள். ஏலாது. நீதித்துறைக் கடமையில் பிறப்பித்த கட்டளைக்காக நீதிபதியிடம் நட்டஈடு கேட்க நமது சட்டம் இடம் தருவதில்லை. சட்டம் தந்த அதிகாரத்தில், அல்லது தந்திருப்பதாக நல்லெண்ணத்தோடு நம்பிய அதிகாரத்தில் அவர் செய்ததைத் தண்டனைச் சட்டக்கோவையும் குற்றமாகக் கொள்ளாது. அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையின் கீழ் அடிப்படை உரிமை மனுவாக உயர் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகக் கூடியதும் நிறைவேற்று அல்லது நிருவாகச் செயல் மட்டுமே. கட்டளை பிழை என்றால் மாகாண மேல் நீதிமன்றத்தில் மீளாய்வு மனு. நீதவானின் நடத்தை பிழை என்றால் நீதிச்சேவை ஆணைக்குழு. இந்தப் பாதுகாப்பு இருக்கத்தான் வேண்டும். இல்லாவிட்டால் பொலிஸார் எதிர்க்கும் பிணையைக் கொடுக்க எந்த நீதவானுக்குத் துணிவு வரும்?

பொலிஸாருக்கு அந்தக் கவசம் கிடையாது. 13(1)ஆம் உறுப்புரைப்படி கைது சட்டம் வகுத்த முறையில் நடக்க வேண்டும், காரணமும் சொல்லப்பட வேண்டும். 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 37ஆம் பிரிவு, பயண நேரம் நீங்கலாக 24 மணித்தியாலம்தான் தருகிறது. விளக்கமறியல் கட்டளை நீதித்துறைச் செயல்தான். ஆனால் அதற்கு முந்தைய கைதும் தடுத்துவைப்பும் பொலிஸாரின் கணக்கு. பின்னால் வந்த கட்டளை அவற்றைச் சரியாக்கிவிடாது.

சிக்கல் பெரும்பாலும் நேரத்தில் இருக்கிறது. காலை 6 மணிக்கு வாழைச்சேனையில் ஏற்றிக்கொண்டு போனவரை, மாலை 4 மணிக்குக் கைதுசெய்ததாகப் பொலிஸ் நிலையத் தகவல் புத்தகத்தில் எழுதினால் 10 மணித்தியாலம் காணாமல் போய்விடும். கேட்டால், “வாக்குமூலத்துக்குத்தானே கூப்பிட்டோம்” என்பார்கள். ஆகவே ஆளைக் கொண்டுபோனவுடன் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996 இலக்கத்துக்கு அழைத்துச் சொல்லுங்கள்; அந்த அழைப்பே நேரத்துக்குச் சாட்சி. பக்கத்துக் கடைக் கமராவின் பதிவை அன்றைக்கே பிரதி எடுங்கள், கிழமைக் கணக்கில் அழிந்துவிடும். முதல் நாள் நீதிமன்றத்தில், உண்மையான கைது நேரத்தைச் சட்டத்தரணி வாயால் சொன்னால் போதாது. வழக்கேட்டில் பதியச் செய்ய வேண்டும்.

அடுத்தது ‘பீ’ அறிக்கை, அதாவது சந்தேகநபரைப் பற்றிப் பொலிஸார் நீதவானுக்குக் கொடுக்கும் அறிக்கை. பிடியாணை இல்லாத கைதுக்கு நியாயமான முறைப்பாடோ, நம்பத்தகுந்த தகவலோ, நியாயமான சந்தேகமோ வேண்டும் என்கிறது அதே குற்றவியல் சட்டக்கோவையின் 32ஆம் பிரிவு. பல அறிக்கைகளில் “கிடைத்த தகவலின்படி” என்ற ஒரு வரிக்கு மேல் எதுவும் இருப்பதில்லை. என்ன தகவல், எப்போது வந்தது, இவரோடு அதற்கு என்ன தொடர்பு? நீதவான் அந்தத் தாளை நம்பித்தான் கட்டளை இடுகிறார். அதன் உறுதிப்படுத்திய பிரதியைப் பதிவாளர் அலுவலகத்தில் உடனே எடுங்கள். பின்னால் பொலிஸார் கொடுக்கும் சத்தியக்கடதாசி பெரும்பாலும் அதோடு முரண்படும், வழக்கு அங்கேதான் திரும்பும்.

அம்பாறை மாவட்டத்தில் இன்னொரு தொல்லை, சிங்களத்தில் எழுதிய வாக்குமூலத்தில் தமிழ் பேசுபவரின் கையொப்பம். கிழக்கு மாகாணத்தின் நிர்வாக மொழி தமிழ் என்பது 22ஆம் உறுப்புரை. தமிழில் எழுதச் சொல்லிக் கேளுங்கள். மறுத்து, கையொப்பமும் வைத்தே ஆக வேண்டிய நிலை வந்தால், “எனக்கு வாசித்து விளக்கப்படவில்லை” என்று தமிழில் எழுதிவிட்டு வையுங்கள்.

ஆட்கள் தோற்பது இதிலெல்லாம் அல்ல, நாட்கணக்கில். அடிப்படை உரிமை மனுவுக்குக் காலம் ஒரே ஒரு மாதம். உள்ளே இருப்பவருக்காகச் சட்டத்தரணி மனுப்போடலாம் என்று 126(2) சொல்கிறது; பிணை கிடைக்கட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் 13ஆம் பிரிவுப்படி விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் கணக்கில் சேராது. மட்டக்களப்பிலும் கல்முனையிலும் அலுவலகம் உண்டு. ஆனால் முறைப்பாட்டுப் பற்றுச்சீட்டை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு வருடம் கழித்து கொழும்புக்குப் போனவர்களின் மனுக்கள் தள்ளுபடியாகியிருக்கின்றன. விசாரணை உண்மையில் நடக்கிறது என்று காட்டும் ஆணைக்குழுக் கடிதம் கையில் வேண்டும். அதைக் கேட்டு வாங்குவது உங்கள் வேலை, அவர்களாக அனுப்பமாட்டார்கள்.

பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 26ஆம் பிரிவு நல்லெண்ணத்தில் செய்தவற்றுக்கு வழக்கில்லை என்கிறது. அதைக் காட்டி மிரட்டினால் மிரள வேண்டாம். 126ஆம் உறுப்புரையை ஒரு சாதாரண சட்டம் மூடிவிட முடியாது. அச்சட்டத்தின் கீழான கைதை 48 மணித்தியாலத்துக்குள் ஆணைக்குழுவுக்கு அறிவிப்பதும் கட்டாயம். அறிவித்தார்களா என்று கேளுங்கள்.

பணம் யார் கட்டுவது? அரசும் கட்டலாம், அதிகாரி தன் சட்டைப்பையில் இருந்தும் கட்டலாம். நமது சீயோன் தேவாலயமும் இரையான உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல் வழக்கில், 2023 ஜனவரி 12 அன்று முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாவைச் சொந்தப் பணத்தில் செலுத்த உயர் நீதிமன்றம் கட்டளையிட்டது. அதே ஆண்டு டிசம்பரில், சித்திரவதை வழக்கொன்றில் பொலிஸ் அதிகாரி தேசபந்து தென்னக்கோன் 5 இலட்சம் ரூபா கட்ட வேண்டும் என்று கட்டளை வந்தது. மாவட்ட நீதிமன்றத்தில் நட்டஈட்டு வழக்கும் போடலாம். அதற்குக் குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 461ஆம் பிரிவுப்படி ஒரு மாத முன்னறிவித்தல் கொடுக்க வேண்டும். வழக்கு வருடக்கணக்கில் இழுபடும்.

ஆட்கொணர்வு மனுவை நமது மாகாண மேல் நீதிமன்றமே விசாரிக்கலாம், மாகாண சபைக்குரிய விடயங்களில் எழுத்தாணை மனுவையும் விசாரிக்கலாம். அடிப்படை உரிமை மனுவுக்கு மட்டும் பொத்துவிலில் கூலிவேலை செய்பவரும் உயர் நீதிமன்றம் இருக்கும் கொழும்புப் புதுக்கடை வரை போக வேண்டும். அந்த அதிகாரத்தையும் மாகாண மேல் நீதிமன்றங்களுக்குக் கொடுக்கும்படி நமது பாராளுமன்ற உறுப்பினர்கள் கேட்க வேண்டும். நீதவான்களைக் குறைசொல்லி மேடையில் பேசுவதை அதன் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
சட்டத்தரணி ஒருவர்,
மட்டக்களப்பு.