தொப்பியைத் தேடிப் போனவளின் நன்றி மடல்

ரோஸ் ஹில், மொரீசியஸ்

ரியூனியனின் சென் ஆந்த்ரே அண்ணாவுக்கும், ரோட்ரிக்ஸ் தீவுத் தங்கைக்கும், மடகாஸ்கரின் அந்தானானாரிவோத் தம்பிக்கும், பிரான்சின் பிரெத்தாஞ் பகுதியிலிருந்து வந்திருந்த ஐயாவுக்கும் அம்மாவுக்கும் வணக்கம்.

உங்கள் ஐந்து பேரில் ஒருவருடைய குடும்பப் பெயரும் எனக்குத் தெரியாது. பக்கத்து ரியூனியன் தீவில், எரிமலைக் குழிக்குள் பாதையைத் தொலைத்துவிட்டு, விடிய விடியத் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருந்தோம். பெயரைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ள வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அண்ணாவின் முகவரி மட்டும் என்னிடம் இருக்கிறது, அதுவும் அவர் தபாலில் அனுப்பிய நோட்டுப் புத்தக நகலால். மற்றவர்களை எங்கே தேடுவது? அதனால்தான் இந்தப் பொது மடல். தமிழில் எழுதினால் உங்களில் ஒருவருக்கும் வாசிக்க வராது என்பதும் தெரியும். அண்ணாவின் பேத்தி தமிழ் வகுப்புக்குப் போகிறாளாம். அவள் எழுத்துக் கூட்டிப் படித்துக் காட்டட்டும். முப்பத்தொரு வருடம் சோறு போட்ட மொழியில் முதல் நன்றியைச் சொல்லிவிட வேண்டும் என்பது என் பிடிவாதம்.

முதலில் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். பித்தோன் தெ லா ஃபூர்னேஸ் எரிமலைக்குப் போகிறவர்கள் இருட்டோடு கிளம்பிவிட வேண்டும் என்பது ரியூனியனில் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். வெயில் ஏற ஏறக் கடற்பக்கத்து மேகம் மலையேறி வந்துவிடும். நாம் தாமதமானதற்கு நான்தான் காரணம். வழியில் கொம்மெர்சோன் என்ற எரிமலை வாயைப் பார்த்தே ஆக வேண்டும் என்று வேனை நிறுத்தச் சொன்னேன். 2007 பிப்ரவரியில் காமெட் புயல் வந்தபோது அங்கே மூன்றே நாளில் 3,900 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. உலகில் வேறெங்கும் மூன்று நாளில் அவ்வளவு மழை அளக்கப்பட்டதில்லை. சென்னையில் இரண்டரை வருடத்துக்கும் மேலாகப் பெய்யும் மழை அது. அப்படிப்பட்ட இடத்தை ஓடுகிற வண்டியிலிருந்து பார்ப்பதா என்று இறங்கி நின்றேன். பிறகு காப்பி. பிறகு படம். எரிமலைக் குழியின் விளிம்பிலுள்ள பா தெ பெல்கோம்பில் வேன் நின்றபோது மணி பதினொன்றரை.

அந்தச் செம்மண் வெளியைக் கடந்தபோதே யாரும் பேசவில்லை, நினைவிருக்கிறதா? புல் இல்லை, பறவை இல்லை, சாலைக்கு இருபுறமும் துருப்பிடித்த இரும்பைப் பொடித்துக் கொட்டியதுபோல் ஒரு பாலைவனம். ரோட்ரிக்ஸ் தங்கை மட்டும், "நாம் இன்னும் பூமியில்தான் இருக்கிறோமா?" என்று கேட்டாள். ஐந்நூற்றுச் சொச்சம் படிகளில் இறங்கி எரிமலையின் பெருங்குழிக்குள் காலை வைத்தபோது எனக்கும் அந்தச் சந்தேகம் வந்தது. எதிரே ஃபோர்மிக்கா லேயோ என்ற சின்னச் செங்குன்று. அந்தப் பெயருக்குக் குழியானை என்று பொருள். சிறு வயதில் மணலில் குழி பறித்துக்கொண்டு எறும்புக்காகக் காத்திருக்கும் பூச்சியை ஊதி விளையாடுவோமே, அதேதான். குழியானையின் குழிக்குள் தானாக இறங்கிப் போன எறும்பு நான் என்பது பிறகுதான் உறைத்தது.

ஒரு காற்று வந்தது, தொப்பி பறந்தது. என் உடன்பிறந்த தங்கையின் மகள் வாங்கித் தந்த தொப்பி. வெள்ளைப் புள்ளி போட்ட பாதையை விட்டு நாற்பது ஐம்பது அடிதானே என்று போனேன். அங்கே பாறை முழுக்க முறுக்கு பிழிந்ததுபோல் வளையம் வளையமாக உறைந்து கிடந்தது. எண்ணெய்ச் சட்டியில் அவசரமாகப் பிழிந்த முறுக்கு, ஒன்றின்மேல் ஒன்று ஏறி, நுனி சுருண்டு. குனிந்து தொட்டுப் பார்த்தேன். நிமிர்ந்தபோது உலகம் இல்லை. பால்கோவாவுக்குப் பாலைக் காய்ச்சும்போது சட்டிக்குள் எட்டிப் பார்த்தால் முகத்தில் அடிக்குமே, அப்படி ஒரு வெண்மை. ஆனால் குளிர். இரண்டு எட்டு வைத்தேன், கணுக்கால் பிசகியது.

நீங்கள் போயிருக்கலாம். பாதை உங்கள் காலடியில் இருந்தது. மேலே வேன் இருந்தது, வேனில் ஃபிளாஸ்க் இருந்தது. காலையில்தான் பார்த்த ஒரு வாயாடிக் கிழவிக்காக ஐந்து பேர் பாதையை விட்டு இறங்கி வந்தீர்கள். என் குரல் இடப்பக்கம் கேட்டதாம், வலப்பக்கம் கேட்டதாம், ஒருமுறை தலைக்கு மேலே கேட்டதாம். அரை மணி நேரம் ஆயிற்று என்னைக் கண்டுபிடிக்க. கண்டுபிடித்தபோது பாதையைத் தொலைத்திருந்தீர்கள். யாரும் என்னைத் திட்டவில்லை. அந்தத் திட்டை நானே எனக்குத் தவணை முறையில் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

பிறகு தொடங்கிய கூத்தைச் சொன்னால் இங்கே யாரும் நம்புவதில்லை. வெள்ளைப் புள்ளியைத் தேடினோம். அதோ என்று தம்பி ஓடுவார். பாறையில் படர்ந்த வெளிறிய பாசியாக இருக்கும். எரிகுழம்பு ஆறியதும் முதலில் குடிவருவது அந்தப் பாசிதானாம். நல்ல குடித்தனக்காரர், வழிகாட்டியின் வேடத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறார். பதினேழு முறை ஏமாந்தோம் என்று பிரெத்தாஞ் அம்மா கணக்கு வைத்திருந்தார். நடந்தால் சில இடங்களில் தரை தகரப் பெட்டிபோல் உள்ளீடில்லாமல் ஒலித்தது. அந்தச் சத்தம் கேட்டதும் ஆறு பேரும் ஒற்றைக் காலில் நிற்கும் கொக்காகிவிடுவோம்.

நாலரை மணிக்கு நடந்ததை மட்டும் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். நமக்குப் பின்னால் மேகம் கிழிந்து வெயில் வந்தது. எதிரே பனிமூட்டத்தில் ஆறு பூதங்கள் எழுந்து நின்றன. நம் நிழல்கள்தான், ஆனால் பனைமர உயரம். கையைத் தூக்கினால் அவையும் தூக்கின. ஒரு பூதத்தின் தலையைச் சுற்றி வானவில் நிறத்தில் வட்டம். "என் தலையைச் சுற்றி ஒளி!" என்று நான் கத்தினேன். "இல்லை, என் தலையை" என்றாள் தங்கை. "இருவரும் தவறு, என்னுடையது" என்றார் பிரெத்தாஞ் ஐயா, வழக்குமன்றத்தில் பேசுகிறவர்போல். அண்ணா ஒன்றும் சொல்லாமல் கும்பிட்டுக்கொண்டு நின்றார். இயற்பியல் படிக்கும் தம்பிதான் வழக்கைத் தீர்த்தார்: அந்த வட்டம் அவரவர் நிழலைச் சுற்றி அவரவர் கண்ணுக்கு மட்டும்தான் தெரியுமாம், அடுத்தவர் தலையைச் சுற்றி யாராலும் பார்க்க முடியாதாம். இரண்டு நிமிடம்கூட இருக்காது, மேகம் மூடிக்கொண்டது.

தங்கையின் கைப்பேசியில் ஒரு கோடு சிக்னல் வந்தபோது 112-ஐ அழைத்தாள். இந்த மூட்டத்தில் ஹெலிகாப்டர் வர வாய்ப்பில்லை, இருந்த இடத்தை விட்டு அசையாதீர்கள், ஆட்கள் நடந்து வருவார்கள் என்றார்கள். நமக்கு முன்பே வேன் ஓட்டுநரும் தகவல் கொடுத்திருந்தார். அவருக்கும் என் நன்றி. இரவு முழுக்க மேலே வண்டியின் விளக்கை அணைத்து அணைத்துப் போட்டுக்கொண்டிருந்தாராம். நம் கண்ணுக்கு ஒரு பொட்டுகூடத் தெரியவில்லை என்பதை அவரிடம் நான் சொல்லவில்லை.

உப்பிய அப்பம் நடுவில் வெடித்ததுபோல் இருந்த பாறையின் அடியில் ஒடுங்கினோம். ஏறக்குறைய 2,200 மீட்டர் உயரம், ஆகஸ்டு மாதம், எங்கள் பக்கம் குளிர்காலம். மொரீசியஸ் கடற்கரைக் குளிருக்கு வாங்கிய கம்பளிச் சட்டை எனக்கு. பிரெத்தாஞ் தம்பதி பையிலிருந்து உள்ளங்கை அளவுப் பொட்டலம் இரண்டை எடுத்துப் பிரித்தார்கள். பொன்னிறத் தாள்போல் படபடவென்று விரிந்த போர்வைகள். தமக்கென்று கொண்டுவந்ததை மும்மூன்று பேருக்காகப் பங்கிட்டார்கள். தங்கை ரோட்ரிக்ஸில் மருத்துவமனைத் தாதி. என் துப்பட்டாவைக் கிழித்துக் கணுக்காலைக் கட்டினாள், ஒரு சுருக்கம் இல்லாமல். விமானத்தில் பக்கத்தில் உட்கார்ந்தால்கூட இத்தனை நெருக்கமாக ஒருவருடைய கையை நான் பார்த்திருக்க மாட்டேன்: ஆள்காட்டி விரலில் பழைய தீக்காயம், நகம் ஒட்ட வெட்டியிருந்தது. தம்பி தன் காலுறையைக் கழற்றி என் கைகளுக்கு மாட்டினார். வேண்டாம் என்றேன். "எனக்குக் குளிராது அம்மா, நான் மலைநாட்டான்" என்றார். பச்சைப் பொய். பல் தந்தியடித்த சத்தம் எனக்குக் கேட்டது.

யாரும் தூங்கிவிடக் கூடாது என்பது தாதியின் உத்தரவு. கதை சொன்னோம், தீவுகளின் பேச்சுமொழியான கிரியோலில் விடுகதை போட்டோம். உங்கள் கிரியோல் வேறு, எங்கள் கிரியோல் வேறு. விடையைவிட அந்தச் சண்டை சுவையாக இருந்தது. எல்லாம் தீர்ந்தபோது அண்ணா பாடத் தொடங்கினார்.

அதுவரை அவர் என்னிடம் பேசியது பத்து வார்த்தை இருக்கும், அதில் பாதி 'மதாம்'. கரும்பாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கோயில் திருவிழாவில் 'பால் தமூல்' நடத்துகிறவர் என்று வேனில் சொன்னபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது பசும்பால். பிரெஞ்சில் 'பால்' என்றால் ஆட்டம். அது அங்கே நம் தெருக்கூத்துக்கு வைத்த பெயர். "நான் வர்த்தியால்" என்றார். அதுவும் விளங்கவில்லை. இருட்டில் குரலெடுத்து அவர் பாடியபோதுதான் பொறி தட்டியது: வாத்தியார்! ஆறு தலைமுறையாக நாக்கில் உருண்டு உருண்டு கூழாங்கல்லாகிவிட்ட சொல். அவர் பாடிய 'பண்டியாலே' நம் பாஞ்சாலி. "அண்ணா, நானும் வர்த்தியால்தான்" என்றேன்.

மொரீசியஸுக்கும் ரியூனியனுக்கும் நடுவே விமானத்தில் முக்கால் மணி நேரம்தான். 1848 டிசம்பர் 20-இல் ரியூனியனில் அடிமைமுறை ஒழிந்ததும் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் பிடித்தார்கள். புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பலேறியவர்களின் வாரிசு அவர். நான் பக்கத்துத் தீவுக்கு வந்தவர்களின் வாரிசு. எங்கள் பக்கம் பள்ளிக்கூடத்தில் தமிழ் இருந்தது, அதனால் எனக்கு எழுத்தும் பொருளும் வாய்த்தன. அவர் பக்கம் பள்ளிக்கூடம் பிரெஞ்சு மட்டுமே பேசியது. ஆனால் முழுப் பாரதக் கூத்தும் அவருடைய தொண்டையில் இருந்தது. பொருள் தெரியாமல் நாற்பது வருடமாக, தீமிதிக்கு முந்தைய இரவுகளில், விடியும்வரை பாடியிருக்கிறார். நான் பாஞ்சாலி சபதத்துக்கு வினா விடை எழுதிப் போட்டிருக்கிறேன். ஒரு வரி பாடத் தெரியாது. எங்கள் இருவரில் யாருக்குத் தமிழ் தெரியும் என்று என்னைக் கேட்காதீர்கள்.

அவர் பாடுவார், நான் கிரியோலில் பொருள் சொல்வேன், நீங்கள் நால்வரும் கேட்பீர்கள். துகில் உரியும் இடம் வந்தபோது பொன்னிறப் போர்வையை அம்மா இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அப்புறம் ஒரு வரியில் அண்ணா நிறுத்தி, "மதாம், 'வலி' என்றால் என்ன?" என்று கேட்டார். அப்பா பிரெஞ்சு எழுத்தில் எழுதி வைத்த நோட்டு, அதில் அப்படித்தான் இருக்கிறதாம். வி, ஏ, எல், ஐ. நாலே எழுத்து.

பிள்ளைகளின் காதைத் திருகி ல, ள, ழ சொல்லிக் கொடுத்தவள் நான். வாயடைத்துப் போனேன். வழியா, வலியா, வளியா? போகும் பாதையா, உடம்பின் நோவா, வீசும் காற்றா? அந்த நேரத்தில் மூன்றும் நம்மோடுதான் உட்கார்ந்திருந்தன. மூன்றையும் சொல்லிக் காட்டினேன். இருட்டில் ஆறு பேரும் நாக்கை மடித்து 'ழ' சொல்லிப் பழகிய பத்து நிமிடத்தை நினைத்தால் இன்றும் சிரிப்பு வருகிறது. பிரெத்தாஞ் ஐயாவுக்குத் தொண்டையிலிருந்து வந்தது, தம்பிக்குப் பல்லிலிருந்து. தங்கைக்கு மூன்றாவது முறையே வந்துவிட்டது. அண்ணா கடைசிவரை சொல்லிப் பார்க்கவில்லை. மெதுவாக, "அப்பா எதைப் பாடினாரோ" என்றார். அதற்குப் பிறகு என்னை மதாம் என்று கூப்பிடவில்லை. கூத்தில் வரும் சொல்லாக இருக்க வேண்டும், "தங்கச்சி" என்றார்.

மலை மீட்புப் பிரிவினர் மூவர் விடியற்காலையில் தலைவிளக்கோடு வந்தார்கள். அவர்களில் இளையவர் என் கணுக்காலைப் பார்த்துவிட்டு, "அம்மா, வெள்ளைப் புள்ளியை விட்டு விலகாதீர்கள் என்று பலகையில் எழுதியிருக்கிறதே" என்றார். படித்தேன் தம்பி, படிக்கத் தெரிந்தவள்தான். அவர்கள் என்னை முறைபோட்டுத் தூக்கிக்கொண்டு அத்தனை படியும் ஏறினார்கள். எடையைக் கேட்டபோது ஆறு கிலோ குறைத்துச் சொன்னதற்கு இங்கே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். மேலே விடுதியில் காலை ஏழு மணிக்குச் சோறும் சிலாவோஸ் பயற்றுக் குழம்பும் பரிமாறிய பெண்மணி காசு வாங்க மறுத்தார். அவருக்கும் நன்றி.

அண்ணா, நீங்கள் தபாலில் அனுப்பிய நோட்டின் நகல் வந்து சேர்ந்தது. உங்கள் அப்பாவின் கையெழுத்து அழகு. 'டி' எழுத்துக்கெல்லாம் கொம்பு வைத்திருக்கிறார். முதல் எட்டுப் பக்கத்தைத் தமிழ் எழுத்துக்கு மாற்றி இந்த மடலோடு அனுப்புகிறேன். பேத்தி பிழை கண்டுபிடித்தால் தயங்காமல் எழுதச் சொல்லுங்கள். அந்த வரி பதினொன்றாம் பக்கத்தில் இருக்கிறது. முன்னும் பின்னும் பத்துத் தடவை படித்துவிட்டேன். காட்டில் போகிறார்கள், ஆகவே வழி என்று எழுதினேன். அடுத்த வரியில் பாஞ்சாலியின் கால் நோகிறது. அடித்துவிட்டு வலி என்று எழுதினேன். இப்போது அந்த இடத்தில் பென்சிலால் புள்ளி வைத்து விட்டிருக்கிறேன்.

சனவரியில் வருகிறேன். அந்த இடத்தை மட்டும் ஒருமுறை பாடிக் காட்டுங்கள்; இழுக்கிற இழுப்பில் தெரியலாம். தொப்பிக்கு நாடா தைத்தாயிற்று.

அன்புடன்,
உங்கள் மொரீசியஸ் தங்கச்சி
(மற்ற நால்வருக்கும்: காலுறை ஒரு சோடி, துவைத்து மடித்து, என்னிடம் இருக்கிறது.)