ஒரே வாக்கியத்தில் மூன்று தப்பு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் அமெரிக்கத் தேர்தல் கட்டுரையில் இப்படி ஒரு வாக்கியம் வந்திருக்கிறது: “2020-ல் நள்ளிரவுக்குப் பிறகு பென்சில்வேனியாவில் லட்சக்கணக்கான வாக்குகள் திடீரென வந்து சேர்ந்தன, நீதிமன்றங்கள் வழக்குகளைக் கேட்கவே மறுத்தன, அமெரிக்கத் தேர்தல் ஆணையமோ வாய் திறக்கவில்லை.” ஒரே வாக்கியத்தில் மூன்று தப்பு. பக்கங்களைக் குறைத்துக்கொண்டே வரும் பத்திரிகைக்கு இது நல்ல சிக்கனம்தான்.

கடைசித் தப்பிலிருந்து வருகிறேன். வாய் திறப்பதற்கு அப்படியொரு ஆணையமே அங்கே கிடையாது. இது உங்களுக்குத் தெரியாததல்ல. ஆனாலும் அச்சில் வந்துவிட்டது. கூட்டாட்சித் தேர்தல் ஆணையம் என்ற பெயரில் வாஷிங்டனில் ஓர் அமைப்பு உண்டு. 1974-ல் சட்டம் இயற்றி உண்டாக்கியது. வேட்பாளர்கள் யாரிடம் பணம் வாங்கினார்கள், எதற்குச் செலவழித்தார்கள் என்ற கணக்கைப் பார்ப்பதுதான் அதன் வேலை. வாக்குச்சீட்டையோ வாக்குப்பெட்டியையோ அது தொடுவதில்லை. ஆறு உறுப்பினர்கள், ஒரே கட்சியிலிருந்து மூன்று பேருக்கு மேல் இருக்கக் கூடாது, எதைத் தீர்மானிக்கவும் நான்கு பேரின் ஆதரவு வேண்டும். 2025 மே மாதத்தில் அந்த நான்கு பேர்கூட இல்லாமல் போய்விட்டார்கள். நம் ஊர் ஆணையம்போல் தேதி அறிவித்து, அதிகாரிகளை இடமாற்றி, வெற்றிச் சான்றிதழ் தரும் அமைப்பு அங்கே இல்லை. தேர்தலை நடத்துவது மாநிலச் சட்டம். கையில் எடுத்துச் செய்வது கவுன்டி, நம் ஊர் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு. பென்சில்வேனியாவில் மட்டும் 67 கவுன்டிகள். விஸ்கான்சினில் அதற்கும் கீழே, ஊராட்சி அளவில் உள்ள எழுத்தர்கள். தேர்தல் இரவில் “இவர் வென்றார்” என்று சொல்வது செய்தி நிறுவனங்கள்தான். சட்டப்படி முடிவு வருவது அதற்குப் பல நாள் கழித்து, கவுன்டிகள் சரிபார்த்து மாநிலம் சான்றளித்த பிறகு.

இனி அந்தத் “திடீர்” வாக்குகளுக்கு வருவோம். பென்சில்வேனியாவில் தேர்தல் பணியில் இருப்பவன் என்ற முறையில் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. உங்கள் கட்டுரையாளர் ஒரு தபால் வாக்குக் கவரைக் கண்ணால் பார்த்திருந்தால் அந்த வாக்கியத்தை எழுதியிருக்க மாட்டார்.

அந்த வாக்கு இரண்டு கவருக்குள் வரும். வாக்காளர் சீட்டில் குறியிட்டு, தன் பெயரோ கையெழுத்தோ இல்லாத உள் கவரில் போட்டு ஒட்ட வேண்டும். அதை வெளிக் கவருக்குள் வைத்து, அதன்மேல் உள்ள உறுதிமொழியில் கையெழுத்திட்டுத் தேதி போட வேண்டும். தேர்தல் நாள் இரவு 8 மணிக்குள் அது கவுன்டி அலுவலகத்துக்கு வந்து சேர வேண்டும். தபால் முத்திரை எந்தத் தேதியில் இருந்தாலும் பயனில்லை. உள் கவரை மறந்தால் வாக்கு செல்லாது என்று மாநில உச்ச நீதிமன்றம் 2020 செப்டம்பரிலேயே சொல்லிவிட்டது. வெளிக் கவரில் தேதி விட்டுப்போனதற்காக நடந்த வழக்குகள் ஐந்து வருடம் தாண்டியும் ஓய்ந்தபாடில்லை.

இந்தக் கவர்கள் வாரக்கணக்கில் வந்து குவிந்தாலும், தேர்தல் நாள் காலை 7 மணிக்கு முன்னால் ஒன்றைக்கூடப் பிரிக்கக் கூடாது என்பது அம்மாநிலச் சட்டம். 7 மணிக்கு மேல்தான் வெளிக் கவரைக் கீறி, உள் கவரைத் தனியே எடுத்துக் கலக்கி, பிறகு அதையும் பிரித்து, மடிந்த சீட்டை நீவித் தட்டையாக்கி ஸ்கேனரில் விட வேண்டும். மடிப்பு சரியாக நீவப்படாத சீட்டு ஸ்கேனரில் சிக்கும். கிழிந்ததையும் காபி கொட்டியதையும் இயந்திரம் படிக்காது. அவற்றைப் புதுச் சீட்டில் பார்த்துப் படியெடுக்க வேண்டும். 2020-ல் அந்த மாநிலத்தில் இப்படி வந்தவை சுமார் 26 லட்சம். அதே நாளில் வாக்குச்சாவடிகளையும் நடத்தியாக வேண்டும். ஆள் போதாத சில கவுன்டிகள் தபால் வாக்கை மறுநாள் காலையில்தான் தொட்டன. தபாலில் போடாதீர்கள் என்று தன் ஆதரவாளர்களிடம் மாதக்கணக்கில் சொல்லிவந்தவர் டிரம்ப். ஆகவே சாவடி வாக்குகளில் அவர் முந்தினார், தபால் வாக்குகளில் பைடன். முதலில் எண்ணப்பட்டவை சாவடி வாக்குகள். அன்றிரவு ஆறு லட்சத்துக்கும் மேல் இருந்த முன்னிலை கரைந்து, கடைசியில் பைடன் சுமார் 80,000 வாக்கு வித்தியாசத்தில் வென்றதற்குக் காரணம் இவ்வளவுதான். வாக்குகள் முன்பே வந்து கட்டுக்கட்டாகப் பூட்டிய அறையில் இருந்தன. நள்ளிரவுக்குப் பிறகு வந்தது எண்ணிக்கை.

ஃப்ளோரிடாவில் இந்தக் கூத்து இல்லை. அங்கே தேர்தல் நாளுக்கு வெகுமுன்பே கவர்களைப் பிரித்து இயந்திரத்தில் போட்டுவிடலாம். சாவடி மூடும் முன் எண்ணிக்கையை வெளியே சொன்னால் மட்டும் கடும் குற்றம். சாவடி மூடிய அரை மணி நேரத்தில் அந்த எண்கள் வெளிவந்துவிடும். எங்களுக்கும் சில நாள் முன்பே பிரிக்க அனுமதி தாருங்கள் என்று பென்சில்வேனியா கவுன்டிகள் கேட்டுக்கொண்டேதான் இருந்தன. சட்டமன்றமும் ஆளுநரும் ஒத்துப்போகவில்லை. 2022-ல் நிதி மட்டும் கொடுத்தார்கள், தொடங்கினால் நிறுத்தாமல் எண்ணி முடிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு.

பார்வையாளர்களை வெளியே தள்ளிவிட்டு எண்ணினார்கள் என்று கட்டுரையின் ஓரத்தில் ஒரு பெட்டிச் செய்தி வேறு. ஃபிலடெல்ஃபியாவில் அதற்காகவே மத்திய நீதிமன்றத்துக்குப் போனார்கள். உங்கள் ஆட்கள் அறைக்குள் இருக்கிறார்களா என்று நீதிபதி கேட்டபோது, இருப்பவர்களின் எண்ணிக்கை பூஜ்யம் அல்ல என்று டிரம்ப் தரப்பு வழக்கறிஞரே ஒப்புக்கொண்டார். பிறகு எதற்கு ஐயா வழக்கு?

“கேட்கவே மறுத்தன” என்பது பாதி உண்மை. அதனால்தான் முழுப் பொய்யைவிட அதிகம் எரிச்சல் தருகிறது. டெக்சாஸ் மாநிலம் மற்ற நான்கு மாநிலங்களின் முடிவை ரத்து செய்யக் கேட்டு நேரடியாக உச்ச நீதிமன்றம் போனது. 2020 டிசம்பர் 11-ல் அது தள்ளுபடி ஆனது. இன்னொரு மாநிலம் தன் தேர்தலை எப்படி நடத்துகிறது என்று கேட்டு வழக்காட உனக்கு என்ன பாத்தியதை என்பதுதான் அந்த உத்தரவின் சாரம். பாதிக்கப்பட்டவன்தான் வழக்குப் போட முடியும் என்பது நம் ஊர் முன்சீப் கோர்ட்டிலும் உள்ள விதி.

சாட்சியத்தைப் பார்த்துத் தீர்ப்பு சொன்ன வழக்குகளும் உண்டு. நெவாடாவில் கார்சன் சிட்டி நீதிமன்றம் பிரமாண வாக்குமூலங்களையும் நிபுணர் அறிக்கைகளையும் வாங்கிப் படித்து, குற்றச்சாட்டு எதுவும் நிரூபணமாகவில்லை என்றது. பென்சில்வேனியா முடிவை எதிர்த்து டிரம்ப் தரப்பு மத்திய நீதிமன்றத்தில் போட்ட வழக்கின் மேல்முறையீட்டைத் தள்ளித் தீர்ப்பு எழுதிய நீதிபதி பிபாஸ், டிரம்ப் நியமித்தவர். விஸ்கான்சினில் இரண்டே கவுன்டிகளில் மறு எண்ணிக்கைக்கு டிரம்ப் தரப்பு 30 லட்சம் டாலர் கட்டியது. எண்ணி முடித்ததும் பைடனின் முன்னிலை 87 வாக்கு கூடியது. பிறகு அதே இரண்டு கவுன்டிகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகளைச் செல்லாதவையாக்கக் கேட்டு வழக்கு. அதே விதிப்படி வாக்களித்த மற்ற 70 கவுன்டிகளைப் பற்றிப் பேச்சில்லை. குறை இருந்தால் தேர்தலுக்கு முன்னால் சொல்லியிருக்க வேண்டும் என்று கூறி 4-க்கு 3 என்ற கணக்கில் மாநில உச்ச நீதிமன்றம் தள்ளியது. ஜார்ஜியாவில் மூன்று முறை எண்ணினார்கள், அதில் ஒரு முறை முழுக்கக் கையால்.

இதோடு நிறுத்தியிருப்பேன். ஆனால் இது முதல் முறையல்ல. டிரம்பை வாக்குச்சீட்டிலிருந்து கொலராடோ மாநிலம் நீக்கிய வழக்கில் 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தபோது “கலக வழக்கில் டிரம்ப் நிரபராதி” என்று அட்டையிலேயே போட்டீர்கள். அவர் கலகத்தில் ஈடுபட்டாரா என்ற கேள்விக்குள் உச்ச நீதிமன்றம் போகவே இல்லை. மத்தியப் பதவிக்கான வேட்பாளரை கலகத்தில் ஈடுபட்டவரைப் பதவியிலிருந்து விலக்கும் 14-வது அரசமைப்புத் திருத்தத்தின் மூன்றாம் பிரிவைக் காட்டித் தகுதி நீக்க ஒரு மாநிலத்துக்கு அதிகாரமில்லை என்றது, அவ்வளவுதான். அதே ஆண்டு ஜூலையில், அதிபர் என்ன செய்தாலும் வழக்கில்லை என்று எழுதினீர்கள். உச்ச நீதிமன்றம் சொன்னது வேறு. அரசமைப்பு அவருக்கே உரியதாகத் தந்த அதிகாரங்களுக்கு வழக்கிலிருந்து முழுப் பாதுகாப்பு. மற்ற அலுவல் செயல்களுக்கு, அரசுத் தரப்பு முறியடிக்கக்கூடிய பாதுகாப்பு. சொந்தச் செயல்களுக்கு எதுவுமில்லை. தீர்ப்பைத் திட்டுவதற்கு நிறைய இருக்கிறது. இருப்பதை வைத்துத் திட்டலாமே.

கேள்வி-பதில் பகுதியில் அமெரிக்க நீதிபதிகள் எல்லோரும் அதிபரால் ஆயுளுக்கும் நியமிக்கப்படுபவர்கள் என்று பதில் சொன்னார் உங்கள் நிபுணர். மத்திய நீதிபதிகளுக்கு அது பெரும்பாலும் பொருந்தும். மாநிலங்களில் பாதிக் கதை வேறு. 2025 ஏப்ரல் 1-ல் விஸ்கான்சின் உச்ச நீதிமன்றத்தின் ஒரே ஒரு இடத்துக்கு நடந்த தேர்தலில் 9 கோடி டாலருக்கும் மேல் செலவானது. சூசன் கிராஃபோர்ட் வென்று பத்தாண்டுப் பதவிக்கு வந்தார். வாக்கு வழக்குகளில் பலவற்றை முதலில் கேட்பது இப்படி வந்த நீதிபதிகள்தான் என்பதைச் சொல்லாமல் அமெரிக்க நீதிமன்றத்தைப் பற்றி என்ன எழுத முடியும்?

2024 தேர்தல் முடிவு வரைபடத்தையும் சொல்லிவிடுகிறேன். நெப்ராஸ்காவை முழுச் சிவப்பாகவும் (டிரம்ப்) மெய்னை முழு நீலமாகவும் (ஹாரிஸ்) போட்டீர்கள். இரண்டுமே தேர்வாளர்களை, அதாவது அதிபரைத் தேர்ந்தெடுக்க மாநிலத்தின் சார்பில் வாக்களிப்பவர்களை, தொகுதிவாரியாகவும் பிரிக்கும் மாநிலங்கள். நெப்ராஸ்காவில் ஒன்று ஹாரிஸுக்கும், மெய்னில் ஒன்று டிரம்புக்கும் போனது. ஒரு தப்பை மறு தப்பு அடித்துவிட்டதால் டிரம்புக்கு 312 என்ற கூட்டுத்தொகை மட்டும் சரியாக வந்துவிட்டது. வாழ்த்துகள்.

இதையெல்லாம் அவ்வப்போது எழுதியிருக்கிறேன். ஒரே ஒரு கடிதம் அச்சில் வந்தது, அதுவும் பாராட்டிய முதல் இரண்டு வரி மட்டும். மிக்க நன்றி.

நான் கேட்பது பெரிதல்ல. அந்த வாக்கியத்துக்கு அடுத்த இதழில், வாசகர் கண்ணில் படும் இடத்தில் ஒரு திருத்தம் போடுங்கள். 2026 நவம்பர் 3 தேர்தலுக்கு முந்தைய இதழில் கால் பக்கத்துக்கு ஓர் அட்டவணை: எந்த மாநிலம் தபால் கவரை எப்போது பிரிக்கலாம், கடைசியாக எப்போது வந்தால் எண்ணும், எத்தனை சதவீத வித்தியாசத்துக்கு மறு எண்ணிக்கை. பென்சில்வேனியாவுக்கு நானே சொல்லிவிடுகிறேன்: காலை 7 மணி, இரவு 8 மணி, அரை சதவீதம்.

இப்படிக்கு,
உங்கள் பழைய சந்தாதாரர்,
பென்சில்வேனியா