மூளை ஸ்கேனோடு நிறுத்திவிடாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

குழந்தைகளின் வலிப்பு பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையில் டியூபரஸ் ஸ்கிளிரோசிஸ், அதாவது மூளை, தோல், இதயம், சிறுநீரகம் என்று பல உறுப்புகளில் கட்டிகளையோ திட்டுகளையோ உண்டாக்கும் மரபணு நோய், ஒரே வரியில் வந்து போய்விட்டது. ஸ்கேன் பிரிவில் வேலை பார்ப்பவன் என்பதால் அந்த வரியைக் கொஞ்சம் நீட்டுகிறேன்.

எங்களுக்கு வரும் சீட்டில் பெரும்பாலும் 'வலிப்பு' என்று மட்டும்தான் இருக்கும். குழந்தையின் முதுகில் வெளிறிய திட்டுகள் இருப்பதையோ, கருவில் இருந்தபோதே இதயத்தில் கட்டி தெரிந்ததையோ யாரும் எழுதுவதில்லை. ராப்டோமயோமா என்ற அந்தக் கட்டி பிறந்த பிறகு பெரும்பாலும் தானே சுருங்கிவிடுவதால் வீட்டிலும் மறந்துவிடுகிறார்கள், ஆனால் பல குழந்தைகளுக்கு இந்த நோயின் முதல் தடயமே அதுதான். சீட்டில் இது இருந்தால் படத்தைப் படிக்கும் டாக்டர் தேடும் விதமே மாறும்.

மூளைக்குள் இருக்கும் நீரறைகளின் ஓரத்தில் வரும் சின்ன முடிச்சுகளில் கால்சியம் படிந்திருந்தால் சி.டி.யில் வெள்ளையாகப் பளிச்சென்று தெரியும். கைக்குழந்தைக்கு அது இன்னும் படிந்திருக்காமலும் போகலாம். மூளையின் மேலடுக்கான புறணியில் இருக்கும் டியூபர்களை, அதாவது இந்த நோயில் வரும் இயல்பற்ற திட்டுகளைப் பார்க்க எம்.ஆர்.ஐ.தான் சரி, கதிர்வீச்சும் இல்லை. அதிலும் ஒரு சிக்கல் உண்டு. கைக்குழந்தையின் மூளையில் நரம்பு இழைகளைச் சுற்றி வரும் மயலின் உறை முழுதாக உருவாகியிருக்காது, அதனால் பெரிய பிள்ளைகளிடம் டியூபரை நன்றாகக் காட்டும் ஃபிளேர் என்ற வகை எம்.ஆர்.ஐ. படத்தில்கூட அது தெரியாமல் போகலாம். சந்தேகம் வலுவாக இருந்தால் 'நார்மல்' என்ற ஒரு ரிப்போர்ட்டை நம்பி விட்டுவிடாமல், எப்போது மறுபடி எடுப்பது என்று டாக்டரிடம் கேளுங்கள்.

அப்புறம் சிறுநீரகம். இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள், எனக்கு ஆதங்கமே இதில்தான். இந்த நோயில் அங்கே வரும் ஆஞ்சியோமயோலிப்போமா என்ற, பெரும்பாலும் கொழுப்பு கலந்த கட்டிகள் சத்தமில்லாமல் வளரும், பெரிதானால் உள்ளே ரத்தம் கசியலாம். கொழுப்பு குறைவான கட்டிகள் அல்ட்ராசவுண்டில் தப்பிவிடும் என்பதால் வயிற்றுக்கும் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்கிறார்கள், 1 முதல் 3 வருடத்துக்கு ஒருமுறை, ஆயுள் முழுக்க. வயதுவந்த பெண்களுக்கு நுரையீரல் சி.டி.யும் தேவை.

மரபணுப் பரிசோதனை இருக்கிறதே என்பார்கள். டி.எஸ்.சி.1, டி.எஸ்.சி.2 மரபணுக்களில் நோய் உண்டாக்கும் மாற்றம் கிடைத்தால் நோயை உறுதிசெய்ய அதுவே போதும். ஆனால் வழக்கமான பரிசோதனையில் 10 முதல் 15 சதவீதம் பேருக்கு எதுவும் கிடைப்பதில்லை. அவர்களுக்குத் தோல், மூளை, இதயம், சிறுநீரகம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் முடிவுசெய்ய முடியும். அதனால் பழைய எக்கோ, கர்ப்பகால ஸ்கேன், சி.டி. எதையும் தூக்கிப் போடாதீர்கள். அடுத்த ஸ்கேனுக்கு வரும்போது ரிப்போர்ட்டை மட்டும் கொண்டுவராமல் படங்களையும் கொண்டுவாருங்கள்.

இப்படிக்கு,
ஒரு ஸ்கேன் டெக்னீஷியன்