எந்த கதிர்னு சொல்லுங்க சார்

ஆசிரியருக்கு வணக்கம். கதிர்வீச்சு பத்தி உங்க பேப்பர்ல வந்த கட்டுரைல செல்போன் டவரையும் அணுக்கதிரையும் ஒரே மூட்டையா கட்டிட்டீங்க, டவர்ல வர்ற ரேடியோ அலைக்கு அணுவுல இருந்து எலக்ட்ரானை பிச்சு எடுக்குற சக்தி கிடையாது, ஆல்ஃபா, பீட்டா, காமான்னு சொல்ற மூணு அணுக்கதிருக்கும் உண்டு. ஆல்ஃபாவை ஒரு பேப்பரே தடுத்துடும்னு எழுதிட்டு அப்படியே விட்டா எப்படி? வெளில இருக்குற வரைக்கும்தான் அது சாது, ஆல்ஃபா கதிர் விடுற ரேடான் வாயு மாதிரி மூச்சோட உள்ள போச்சுன்னா நுரையீரல் செல்லுலயே மொத்த சக்தியையும் இறக்கிடும், கேன்சர் வரைக்கும் கொண்டுபோகும். பீட்டாவுக்கு சில மில்லிமீட்டர் அலுமினியம் போதும். காமாவுக்குத்தான் ஈயம், கனமான கான்கிரீட் எல்லாம்.

இன்னொன்னு, நாங்க கொல்லைக்கு போடுற பொட்டாஷ் உரத்துலயும் எங்க திருவையாத்து வாழைப்பழத்துலயும் பொட்டாசியம்-40ன்னு கதிர் விடுற ஒரு வகை பொட்டாசியம் இருக்கு, அது விடுறது பெரும்பாலும் பீட்டா, கொஞ்சம் காமா, அரை ஆயுள் (அதுல பாதி சிதைஞ்சு போக ஆகுற காலம்) சுமார் 125 கோடி வருஷம். தேவைக்கு மேல உள்ள பொட்டாசியத்தை உடம்பே வெளியேத்திடும், அதனால பழம் சாப்பிட பயமே வேணாம் (இத படிச்சிட்டு வியாபாரி தார் விலைய குறைக்காம இருந்தா சரி). அடுத்த தடவை எந்த கதிர், எத்தனை மில்லிசீவர்ட்னு (உடம்பு வாங்குற கதிர்வீச்சோட அளவு) சேர்த்து போடுங்க.

- ஒரு வாழை விவசாயி, திருவையாறு