இறந்த பிறகு வரும் மின்னஞ்சலில் என்ன இருக்க வேண்டும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒருவர் இறந்த பிறகு அவர் எழுதி வைத்த கடிதத்தையும் வீடியோவையும் குடும்பத்துக்கு அனுப்பிவைக்கும் இணையச் சேவைகளைப் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். மகளின் கல்யாணத்தன்று அப்பாவின் வாழ்த்து வந்து சேர்வதை நெகிழ்ச்சியாக எழுதியிருந்தீர்கள். நான் வங்கியில் இறந்தவர்களின் கணக்கை முடித்துக் கொடுக்கும் வேலையைப் பல வருஷம் பார்த்தவன். அந்தக் கட்டுரையில் விட்டுப்போன ஒன்றைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

கணவர் போய் ஒரு மாதம் ஆகியிருக்கும். இறப்புச் சான்றிதழையும் ஒரே ஒரு பாஸ்புக்கையும் துணிப்பையில் போட்டுக்கொண்டு அந்த அம்மா வருவார். "சார், இன்னும் எங்கெங்க போட்டு வெச்சிருக்கார்னு எங்களுக்கு ஒண்ணும் தெரியலை" என்பார். இந்தப் பேச்சை நான் எத்தனையோ பேர் வாயால் கேட்டிருக்கிறேன். இப்போது நிலைமை இன்னும் மோசம். டெபாசிட் ரசீது, பாலிசி, மியூச்சுவல் ஃபண்டு விவரம் எல்லாம் மெயிலுக்குத்தான் வருகின்றன. மெயிலின் பாஸ்வேர்டு வீட்டில் யாருக்கும் தெரியாது. ஓடிபி வரும் சிம்முக்கு இனி எதற்கு ரீசார்ஜ் என்று பிள்ளைகள் விட்டிருப்பார்கள். சில மாதம் பயன்படுத்தாத எண் வேறு யாருக்காவது போய்விடும். பத்து வருஷம் யாரும் கேட்காத டெபாசிட் ரிசர்வ் வங்கியின் நிதிக்கு மாற்றப்படுகிறது. அப்படிப்பட்ட பணத்தைத் தேட 2023-இல் உத்கம் என்ற இணையதளம் வந்தது நல்ல விஷயம்தான். ஆனால் பத்து வருஷம் கழித்துத் தேடுகிற நிலைமைக்கு ஒரு குடும்பம் ஏன் வர வேண்டும்?

அதனால்தான் சொல்கிறேன், இந்த வசதியை முதலில் கணக்கு விவரத்துக்குப் பயன்படுத்துங்கள். எந்த வங்கி, எந்தக் கிளை, லாக்கர் சாவி எங்கே, நாமினி யார், யாரிடம் கடன், எந்தச் சீட்டு பாக்கி என்று ஒரு பக்கம் எழுதி வைத்தால் போதும். இதற்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. கூகுள் 2013-லேயே 'இன்ஆக்டிவ் அக்கவுண்ட் மேனேஜர்' என்ற வசதியைக் கொண்டுவந்துவிட்டது. நம் கணக்கு 3 மாதம் முதல் 18 மாதம் வரை, நாம் குறிப்பிடும் காலத்துக்கு அசைவில்லாமல் இருந்தால், நாம் எழுதி வைத்த செய்தியை அதிகபட்சம் 10 பேருக்கு அது அனுப்பும். வேண்டுமானால் நம் கோப்புகளையும் அவர்கள் எடுத்துக்கொள்ள அனுமதிக்கலாம்.

இதில் நம் வீடுகளுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. அப்பாவின் ஆண்ட்ராய்டு போனைப் பிள்ளையோ பேரனோ எடுத்துப் பயன்படுத்துவது சகஜம். அந்தக் கணக்கு போனில் அப்படியே இருந்தால், போன் கூகுளைத் தொடர்புகொள்வதையும் அப்பாவின் நடமாட்டமாகவே கூகுள் எடுத்துக்கொள்ளும். அப்பா இருக்கிறார் என்றே அது நினைத்துக்கொண்டிருக்கும், கடிதம் போகாது. ஆகவே யாருக்கு எழுதி வைக்கிறோமோ அவரிடம், 'இப்படி ஒன்று வரும், போனில் என் கணக்கை எடுத்துவிடு' என்று உயிரோடு இருக்கும்போதே ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் கணக்கு வழக்கு பேச உட்காருவார்கள். கூகுளின் கடிதம் வர குறைந்தது மூன்று மாதம் ஆகும். எனவே அதே பட்டியலின் பிரதி ஒன்று பீரோவிலும் இருக்கட்டும்.

கட்டணம் வாங்கிக்கொண்டு இருபது வருஷம் கழித்து வாழ்த்து அனுப்புவோம் என்கிறவர்களை நம்ப எனக்கு மனம் வரவில்லை. நரம்பியல் அறிஞர் டேவிட் ஈகிள்மேன் தொடங்கிய டெத்ஸ்விட்ச் என்ற சேவை இந்த வகையில் முன்னோடி. அது 2015-இல் மூடப்பட்டது. எழுதி வைத்தவர் உயிரோடு இருந்தால் வேறு வழி தேடிக்கொள்வார். ஏற்கெனவே இறந்துபோனவர் பத்து வருஷம் தள்ளி ஒரு தேதிக்கு வைத்திருக்கும் கடிதத்தை யார் காப்பாற்றுவது? மகளுக்கு வாழ்த்து எழுத நினைப்பவர் தாளில் எழுதி மனைவியிடமோ தம்பியிடமோ கொடுத்து வைக்கலாம். இன்னும் சில தளங்கள், உயிரோடு இருக்கிறீர்களா என்று மெயில் அனுப்பிக் கேட்கின்றன. இரண்டு மாதம் பதில் இல்லையென்றால் கடிதங்கள் கிளம்பிவிடும். விபத்தில் அடிபட்டு நீண்ட நாள் ஆஸ்பத்திரியில் கிடப்பவரின் வீட்டுக்கு அவருடைய கடைசிக் கடிதம் வந்தால் எப்படி இருக்கும்?

சொத்தைப் பற்றி இதில் எழுதவே கூடாது. 'வீடு சின்னவனுக்கு' என்று மெயில் வந்தால் அது உயிலாகாது. 1925-ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டப்படி உயிலுக்கு இரண்டு சாட்சிகளின் கையெழுத்து வேண்டும். 2000-ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்பச் சட்டமும் மின்னணு உயிலை ஏற்பதில்லை. அந்த மெயிலால் அண்ணன் தம்பிக்குள் சண்டைதான் மிஞ்சும். அதே மாதிரி, உயிரோடு இருந்தபோது முகத்துக்கு நேரே சொல்லாத குற்றச்சாட்டையும் எழுதி வைக்காதீர்கள். வாங்குகிறவர் பதில் சொல்லவும் முடியாது, விளக்கம் கேட்கவும் முடியாது. அது பெரிய கொடுமை.

தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கான 2023-ஆம் ஆண்டுச் சட்டம், இறந்த பின் நம் தரவு உரிமைகளை, அதாவது நம்மைப் பற்றிய தகவல்கள் மீது நமக்குள்ள உரிமைகளை, பயன்படுத்த ஒருவரை நியமிக்கலாம் என்கிறது. நல்ல தொடக்கம். கட்டணம் வாங்கும் இந்த நிறுவனங்கள் கடையை மூடும்போது, கையில் இருக்கும் கடிதங்களை உரியவரிடம் சேர்த்துவிட்டுத்தான் மூட வேண்டும் என்றும் அரசு கட்டாயமாக்க வேண்டும்.

கடைசியாக உங்களிடம் ஒரு கோரிக்கை. கூகுளின் அந்த வசதியை எங்கே தொட்டு எப்படி அமைப்பது என்று படங்களோடு, பெரிய எழுத்தில், ஒரு பக்கம் தமிழில் வெளியிடுங்கள். அறுபதைத் தாண்டிய வாசகர்கள் பிள்ளைகளை எதிர்பார்க்காமல் தாங்களே செய்துகொள்வார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கி அலுவலர்,
கும்பகோணம்